ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எதற்குச் சாப்பாட்டு வகுப்பு?

உதகையிலிருந்து ஒரு வாசகர், 2024 ஜூலை 6

என் மனைவி வேலை பார்க்கும் மருத்துவமனையில் ஊழியர்களுக்கு ஊட்டச்சத்து வகுப்பு, எடைக் குறைப்புத் திட்டம் என்று மூன்று மாத அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். நோயாளிகளிடம் தினமும் "சோற்றைக் குறையுங்கள், நடங்கள்" என்று சொல்கிறவர்களுக்கே வகுப்பா? தெரியாமலா குண்டாகிறார்கள்? அந்தப் பணத்தில் கூட நாலு நர்ஸை வேலைக்கு எடுக்கலாம். இப்படிப்பட்ட வகுப்பில் உட்கார்ந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜூலை 6, இரவு

உட்கார்ந்திருக்கிறேன். குன்னூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனை, பதினேழு வருட வேலை, இப்போது பெண்கள் வார்டின் பொறுப்பு நர்ஸ். உயரம் 156 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் குறியீடு 28க்குப் பக்கம். உலகக் கணக்கில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் பருமன். நம் நாட்டு உடம்புக்கு வயிற்றில் கொழுப்பு சீக்கிரம் சேர்கிறது என்பதால் அந்தக் கோடுகளை 23, 25 என்று இறக்கிவிட்டார்கள். வெளிநாட்டில் இருந்தால் நான் கொஞ்சம் பூசினாற்போல இருப்பவள். குன்னூரில் பருமன்.

தெரியாமலா என்று கேட்டீர்கள். தெரிந்துதான்.

ஜூலை 7

வகுப்பு நடந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். மதியம் இரண்டரை மணி. காலை ஷிப்ட் முடித்தவர்கள் பசியோடு, மாலை ஷிப்டுக்கு வந்தவர்கள் வார்டை யார் பார்க்கிறார்கள் என்ற கவலையோடு. கோயம்புத்தூரிலிருந்து வந்த உணவியல் நிபுணர் மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றி, கையில் எலுமிச்சம்பழத்தோடு மேடை ஏறினார். பாவம், நல்ல பெண்தான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் மே மாதம் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலை வைத்துப் பேசினார். தட்டின் படம் ஒன்று. காய், கீரை, பழம் பாதித் தட்டு. மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் கேன்டீன் சாப்பாட்டில் தானியம் மலை, பொரியல் அதன் அடிவாரம்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "மேடம், ராத்திரி இரண்டு மணிக்கு இந்தத் தட்டை எங்கே வைத்துச் சாப்பிடுவது?"

"இரவில் லேசாகச் சாப்பிடுங்கள்" என்றார்.

வகுப்பு முடிந்ததும் எல்லோருக்கும் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி, ஒரு வர்க்கி, டீ. இதைக் கதைக்காகச் சேர்க்கவில்லை. நடந்தது.

ஜூலை 7, மாலை

வர்க்கி என்றால் என்ன என்று மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, மைதாவை அடுக்கடுக்காக மடித்து அடுப்பில் சுட்ட பண்டம். கையில் எடுத்தால் உதிரும், டீயில் நனைத்தால் கரையும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. ஊருக்கு வருகிறவர்கள் கிலோக்கணக்கில் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். நாங்கள் இங்கேயே இருந்து சாப்பிடுகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஜூலை 9

மருந்தகத்தில் எடை போடும் தராசு இருக்கிறது. நான்கு வர்க்கி வைத்துப் பார்த்தேன், ஒன்று சராசரி 30 கிராம். மைதா, சர்க்கரை, வனஸ்பதி. கிராமுக்கு நாலரை கலோரி என்று வைத்தாலும் ஒன்றுக்கு 135.

இதை எரிக்க என்ன செய்ய வேண்டும் என்று கணக்குப் போட்டேன். 60 கிலோ ஆள் (நான் அல்ல) 100 மீட்டர் உயரம் ஏறினால், தசையின் திறன் நாலில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டு, சுமார் 56 கலோரி. மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், ஊட்டி நிலையம் ஏறத்தாழ 2,200 மீட்டர். ஆக, தண்டவாளத்தோரமாகவே மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை ஏறிவிட்டால் ஏறக்குறைய 1,050 கலோரி. எட்டு வர்க்கிக்குச் சரி.

இதை இன்று டீ நேரத்தில் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி, "அப்படியானால் ஏழு தின்கிறேன் சிஸ்டர்" என்றாள்.

ஜூலை 10

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் அரவங்காட்டிலிருந்து திருத்தியிருக்கிறார். உயரத்தை மட்டும் கணக்கில் எடுத்தாயே அம்மா, 46 கிலோமீட்டர் தூரத்தை எங்கே விட்டாய் என்று. உண்மை. சமதளத்தில் நடந்தாலே கிலோமீட்டருக்குச் சுமார் 50 கலோரி, அந்தக் கணக்கில் 2,300. இரண்டையும் கூட்டினால் 3,350. எட்டு இல்லை, இருபத்தைந்து வர்க்கி.

இதை வார்டில் சொல்லப்போவதில்லை.

ஜூலை 14

இரவு டூட்டி முடித்துவிட்டு எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நோயாளிக்குச் சொல்வதை நீங்கள் ஏன் செய்வதில்லை" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். நேற்றைய இரவைச் சொல்கிறேன். எட்டு மணிக்கு ஏறினேன். இரண்டு பேர், முப்பத்திரண்டு படுக்கை. டப்பாவில் சப்பாத்தி, பீன்ஸ் பொரியல், ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதான் போனேன். பத்து மணிக்கு ஒரு சேர்க்கை. பதினொன்றரைக்கு இன்னொன்று. ஒரு மணிக்கு ஒரு பாட்டிக்கு மூச்சுத் திணறல். இரண்டேகாலுக்கு உட்கார்ந்தபோது சப்பாத்தி அட்டைபோல இருந்தது. ஜூலை மாதக் குளிர், ஜன்னலுக்கு வெளியே மஞ்சு. பக்கத்தில் யாரோ டிஸ்சார்ஜ் ஆனவர் கொடுத்துவிட்டுப் போன ஜாங்கிரி டப்பா. சூடாக டீ. எதைச் சாப்பிட்டிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

அமெரிக்காவில் பாஸ்டனில் ஆரோக்கியமான 19 பேரை 14 நாள் ஆய்வகத்தில் வைத்து, இரவு வேலை செய்பவர்கள்போலக் கண்விழிக்கச் செய்திருக்கிறார்கள். 2021 கடைசியில் வெளிவந்தது. இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை சராசரி 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பிடும்படி ஏறவில்லை. சிறிய ஆய்வு. அவர்களில் யாரும் பாட்டிக்கு ஆக்சிஜன் வைக்க ஓடியிருக்க மாட்டார்கள். ஆனாலும் இதைப் படித்த பிறகு ஜாங்கிரியைப் பார்க்கும் விதம் மாறிவிட்டது. உள்ளே போவது என்ன என்பதோடு, அது போகும் நேரத்துக்கும் உடம்பு தனியாகக் கணக்கு வைத்திருக்கிறது.

எங்கள் வகுப்பின் எழுபது படங்களில் கடிகாரம் ஒன்றில்கூட இல்லை.

ஜூலை 15

எனக்குத் தைராய்டு, அதனால்தான் எடை என்று எழுதிய தங்கைக்கு: நானும் நாலு வருடம் அதையே சொன்னேன். மாத்திரை எடுத்து ரத்தப் பரிசோதனை சரியாக வந்துவிட்டால், அதற்கு மேலுள்ள கிலோவுக்குத் தைராய்டு ஜாமீன் தராது. குறைபாட்டால் ஏறுவதும் பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பாதிக்கு மேல் உப்பும் நீரும்.

ஜூலை 21

இந்த இழையில் யாரும் சொல்லாத ஒன்று. இந்தியாவில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி பிறந்தது எங்கள் குன்னூரில். 1918இல் பாஸ்டியர் இன்ஸ்டிட்யூட்டின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றி விசாரிக்க உட்கார்ந்தார். 1928இல் அது ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. 1958இல்தான் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. எலுமிச்சம்பழத்தோடு வந்த அந்தப் பெண் காட்டிய தட்டு, இங்கிருந்து கீழே போனதுதான். சிம்ஸ் பூங்காவுக்குப் போகும் பயணிகள் எதிரே இருக்கும் அந்தக் கட்டடத்தை நாய்க்கடி மருந்தோடு மட்டுமே சேர்த்து நினைக்கிறார்கள்.

மெக்காரிசன் எலிகளைக் கூட்டங்களாகப் பிரித்து, நாட்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடுவதைப் போட்டு வளர்த்தார். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது இறைச்சி என்று சீக்கியர் உணவு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய வங்காள, சென்னை மாகாண எலிகள் கடைசி வரிசையில். நூறு வருடத்துக்குப் பிறகு அதே ஊரில் அதே வெள்ளைச் சோற்றை நான் கேன்டீனில் வாங்குகிறேன்.

ஒரு வித்தியாசம். அந்த எலிகளுக்கு இரவு டூட்டி கிடையாது.

ஜூலை 22

எலிகள் இரவில்தான் நடமாடும், இரவில்தான் சாப்பிடும் என்று ஐந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் படமும் போட்டிருக்கிறார். தோற்றேன். அவை எல்லாமே இரவு டூட்டிதான்.

ஆகஸ்ட் 3

திட்டத்தின் இரண்டாம் கட்டம். மாதம் ஒருமுறை எடை பார்த்து, "ஊக்கப்படுத்துவதற்காக" வார்டு வாரியாகப் பட்டியல் போட வேண்டும் என்று சொன்னார்கள். எங்கள் வார்டின் ஓய்வறைச் சுவரில் ஒட்டினார்கள். பதினான்கு பெயர், பதினான்கு எடை, பக்கத்தில் சிவப்பு அல்லது பச்சைப் புள்ளி. ஐந்து நாளில் அந்தச் சுவர்ப் பக்கம் யாரும் உட்காருவதில்லை. டப்பாவைத் திறப்பதற்கு மருந்து அறைக்குப் போகிறார்கள். ஒன்பதாம் நாள் பட்டியலை எடுத்துவிட்டோம். இந்த மாதிரி முட்டாள்தனத்தை உங்கள் இடத்தில் செய்தால் தடுத்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 4

"வெட்கப்பட்டால்தான் குறைப்பார்கள்" என்று எழுதியவருக்கு. இல்லை.

ஆகஸ்ட் 18

வகுப்பு நடந்த அறைக்கு வெளியே பஜ்ஜித் தட்டோடு நின்றவர்களைப் பற்றி நான் எழுதவே இல்லை. ஆயா அக்காக்கள், தூய்மைப் பணியாளர்கள், காவலாளி. அவர்களுக்கு அழைப்பு இல்லை, ஒப்பந்த ஆட்கள் என்பதால். வார்டில் கூட்டிப் பெருக்கும் அக்காவிடம், அடுத்த வகுப்புக்கு உங்களையும் கூப்பிடச் சொல்கிறேன் என்றேன், பெரிய உபகாரம் செய்பவள்போல. அவர் சொன்னார்: "வகுப்பு இருக்கட்டும் சிஸ்டர், மதியம் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் சொல்லுங்கள்."

ஸ்டெரிலைசர் அறைக்குப் பின்னால் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மழை வந்தால் நின்றுகொண்டு. பதினேழு வருடமாக அந்தப் படியைக் கடந்து போகிறேன்.

அவரும் 60 கிலோவுக்கு மேல்தான். ஹீமோகுளோபின் ஒன்பது சொச்சம், பெண்களுக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டும். எடையும் அதிகம், ரத்தமும் குறைவு. இரண்டும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பதை வெளியே இருப்பவர்கள் நம்புவதில்லை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்குக் குறியீடு 25ஐத் தாண்டியிருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. மேலே வாசகர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்களே, நாம் அதிகம் தின்கிறோமா குறைவாகத் தின்கிறோமா என்று. இரண்டும்தான்.

அந்த அக்கா சாப்பாட்டோடு டீ குடிப்பார். சோற்றுக்கு ஒரு வாய், டீக்கு ஒரு வாய். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ காப்பி வேண்டாம், இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது தடுக்கிறது என்பது வகுப்பில் சொன்னது. இது எனக்குப் புத்தகத்தில் படித்து மறந்துபோனது. நாட்டுச்சர்க்கரை விஷயமும் அப்படியே. "வெள்ளைச் சீனி வேண்டாம், நாட்டுச்சர்க்கரை போட்டுக்கொள்ளுங்கள்" என்று எத்தனை சர்க்கரை நோயாளிகளுக்கு நான் சொல்லி அனுப்பியிருக்கிறேன்! ரத்தத்துக்கு இரண்டும் சர்க்கரைதான், கலோரியும் கிட்டத்தட்ட ஒன்றே.

எனவே ஜூலை 6 குறிப்பில் ஒரு திருத்தம். தெரிந்துதான் என்று மார்தட்டியிருந்தேன். எல்லாம் தெரிந்து அல்ல.

ஆகஸ்ட் 25

டீ பற்றி. ஒரு நாளைக்கு ஏழு குடிக்கிறேன், ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு கரண்டி சீனி, ஆக 70 கிராம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். 2,000 கலோரி சாப்பிடும் ஆளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த உச்சவரம்பு 50 கிராம், 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. கேன்டீன் அண்ணனைத் தாளில் சீனி போடச் சொல்லித் தராசில் வைத்தேன். ஒன்பது கிராம். ஆக 63. என் மானம் ஏழு கிராம் அளவுக்கு மீண்டது.

என் அம்மா கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறித்தவர். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டியிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். வீட்டில் டீ என்று சொன்னதில்லை, தேத்தண்ணீர். பால் கிடையாது. சீனியைத் தேத்தண்ணீரில் போடவும் மாட்டார். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டு, நக்கி நக்கி, வெறும் சாயத்தைக் குடிப்பார். ஒரு சிட்டிகை ஒரு கோப்பை முழுக்க வரும். வறுமைக் கணக்கு. நர்சிங் படிக்கப் போனபோது விடுதியில் அப்படிக் குடித்து மற்றவர்கள் சிரித்ததால் விட்டேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

நேற்று ஓய்வறையில் கதவைச் சாத்திவிட்டு அப்படிக் குடித்துப் பார்த்தேன். தராசு சொன்னது: மூன்று கிராம்.

அம்மா 45 கிலோவைத் தாண்டியதே இல்லை. ஆனால் அதற்குக் காரணம் சீனி மட்டும் அல்ல. நாள் முழுக்கச் சரிவில் கூடையோடு ஏறி இறங்கினார், காலையில் ரொட்டியும் சம்பலும், மாலையில்தான் சோறு. அந்த மெலிவை நான் ஆரோக்கியம் என்று எழுதினால் அவர் எழுந்து வந்து அடிப்பார்.

ஆகஸ்ட் 26

பட்டர் ப்ரூட் சாப்பிடலாமா என்ற கேள்விக்கு: சாப்பிடலாம். அதைப் பாலோடு அடித்து நாலு கரண்டி சீனி கொட்டிக் குடித்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.

செப்டம்பர் 8

ஆகஸ்ட் 3 குறிப்பை மறுபடி படித்தேன். "சுவரில் ஒட்டினார்கள்" என்று எழுதியிருக்கிறேன். ஒட்டினார்கள் இல்லை. ஒட்டியது நான். பட்டியல் போடச் சொன்னது மேலே இருந்து. ஆனால் பெயரோடு போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பெயர், எடை, புள்ளி எல்லாம் என் கையெழுத்து. ஸ்கெட்ச் பேனா வாங்கியதும் நான்.

எடுத்ததும் நானாக மனம் திருந்தி அல்ல. கூடலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது, பட்டியலில் சிவப்புப் புள்ளி. அன்றிலிருந்து அவள் மதியச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறாள், எனக்குத் தெரியாது. ஒன்பதாம் நாள் மாலை, ஸ்ட்ரெச்சர் தள்ளும் சாய்தளத்தில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, ஸ்ட்ரெச்சரில் நோயாளி இல்லை. குளுக்கோஸ் கொடுத்துப் படுக்கவைத்தோம். நான் தலைமாட்டில் உட்கார்ந்து, ஏன் இப்படி, சாப்பிடாமல் எடை குறைப்பார்களா, உனக்குத் தெரியாதா என்று அவளுக்கு வகுப்பெடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லையே."

இல்லை. பொறுப்பு நர்ஸ்கள் சேர வேண்டியதில்லை என்று நானே முடிவு செய்திருந்தேன். சேர்ந்திருந்தால் மேலிருந்து மூன்றாவது பெயர்.

இரவு வீட்டுக்குப் போகும் முன் கிழித்தேன். பசை சரியாக விடவில்லை, ஒரு மூலை இன்னும் சுவரில் இருக்கிறது.

செப்டம்பர் 9

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. திட்டியவர்கள் சரியாகவே திட்டியிருக்கிறீர்கள்.

செப்டம்பர் 22

பட்டியலுக்குப் பதில் என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. டூட்டி சார்ட்டில் ஒரு கட்டம் கூட்டினேன். இரவில் இவர் சாப்பிடும்போது இவர் பார்ப்பார் என்று பெயர் எழுதும் கட்டம். பன்னிரண்டேகாலிலிருந்து இருபது நிமிடம் ஒருத்தி, பிறகு இருபது நிமிடம் அடுத்தவள், அந்த நேரத்துக்கு எதிர் வார்டிலிருந்து ஒருத்தி வந்து நிற்பாள், நாங்களும் அவர்களுக்கு அப்படியே. முன்பும் "போய்ச் சாப்பிட்டு வா" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். பெயர் எழுதாதவரை யாரும் போகவில்லை. பெயர் இருந்தால் போகிறார்கள். எழுதிய பெயருக்கு எங்கள் தொழிலில் அவ்வளவு மரியாதை.

ஏழு மணிக்கு வீட்டில் முழுச் சாப்பாடு, பன்னிரண்டேகாலுக்குச் சுண்டலோ கேழ்வரகுக் கூழோ சூடாக, அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். பாஸ்டன் ஆட்கள்போல முழு இரவும் பட்டினி கிடக்க எங்களால் முடியாது.

"அவசரம் வந்தால்?" என்று மேலதிகாரிகள் கேட்டார்கள். வந்தால் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள், பதினைந்து அடி தூரம்.

படிக்கட்டு அக்காக்களுக்குப் பழைய எக்ஸ்ரே அறையைக் கேட்டிருக்கிறேன். கோப்பு நகர்கிறது என்கிறார்கள். நத்தையும் நகர்கிறது.

செப்டம்பர் 29

முதலில் கேள்வி கேட்ட உதகைக்காரர் திரும்ப வந்து, "நான் சொன்னதைத்தானே சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள், ஆள் போட்டால் போதும், வகுப்பு வேண்டாம்" என்கிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன். நாலு நர்ஸ் கூட வந்தால் எங்கள் இடுப்பு இரண்டு அங்குலம் குறையும். ஆனால் நாட்டுச்சர்க்கரையை நாலு நர்ஸ் திருத்தியிருக்க மாட்டார்கள், என்னோடு சேர்ந்து அவர்களும் அதையே சொல்லியிருப்பார்கள். மற்றபடி ஒரு வகுப்பின் செலவில் நாலு பேருக்குச் சம்பளம் என்று உங்களுக்கு யார் கணக்குப் போட்டுத் தந்தது? எலுமிச்சம்பழத்தோடு வந்தவருக்கு பஸ் செலவு கொடுத்தார்களா என்பதே சந்தேகம்.

அக்டோபர் 12

நேற்று ஆயுத பூஜை. ரத்த அழுத்தக் கருவிக்குக் குங்குமம், ஸ்டெரிலைசருக்கு மாலை. பொரி, கடலை. பொரியில் ஒன்றும் இல்லை, காற்றுதான் என்று எல்லோரும் படி படியாக அள்ளினார்கள். யாரும் அதில் கொட்டிய வெல்லத்தைப் பற்றிப் பேசவில்லை. நானும்.

இரவுக் கட்டத்தின் கணக்கு: 35 இரவுகளில் 22 இரவு இடைவேளை நடந்திருக்கிறது. மிச்சம் 13இல் முக்கால்வாசி எதிர் வார்டில் ஆள் குறைவு.

நவம்பர் 3

தீபாவளி முடிந்து மூன்று நாள். ஓய்வறை மேசையில் பதினொரு இனிப்பு டப்பாக்கள். நோயாளிகளின் வீட்டார் அன்போடு கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் முகம் வாடுகிறது. சிலர் பழம் கொடுங்கள் என்று அறிவிப்பு வைக்கச் சொல்கிறீர்கள். அறிவிப்பு வைத்துக் கேட்டு வாங்கினால் அது வேறு பெயராகிவிடும் ஐயா. இப்போதைக்கு டப்பாவைத் திறந்து மேசையில் வைப்பதில்லை, மூடி அலமாரியில் வைக்கிறோம். கண்ணில் படாததால் பாதி மிஞ்சியது. மிஞ்சியதைப் படிக்கட்டுக்கு அனுப்பலாம் என்று ஒருத்தி சொன்னாள். அவர்களுக்கும் சர்க்கரை இருக்கிறதே என்று அந்தக் கூடலூர்ப் பெண் கேட்டாள். மிஞ்சியது யாருக்குப் போனது என்று நான் விசாரிக்கவில்லை.

நவம்பர் 17

எண் கேட்டவர்களுக்கு. 68லிருந்து 66.7. நாலு மாதத்தில் ஒரு கிலோ முந்நூறு. இடுப்புச் சுற்றளவு 92லிருந்து 89 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும். இதற்கா இவ்வளவு எழுதினாய் என்று கேட்கப்போகிறவருக்கு முன்கூட்டியே: சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்று வருடம் போலப் பின்தொடர்ந்தார்கள். 2006இல் வெளிவந்தது. உணவும் நடையும் மாற்றிய கூட்டத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எடை பெரிதாக இறங்காமலே. இதை வகுப்பின் முதல் படமாகப் போட்டிருந்தால் நான் ஸ்கெட்ச் பேனா வாங்கப் போயிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். வாங்கியிருப்பேனோ என்னவோ.

எக்ஸ்ரே அறைச் சாவி வந்துவிட்டது. அறையைத் துடைத்தது அந்த அக்காக்கள்தான், வேறு யார். மேசை வரவில்லை, பாய் விரித்திருக்கிறார்கள்.

உள்ளங்கைச் சீனி ரகசியமாக இருக்கவில்லை. கூடலூர்ப் பெண் பார்த்துவிட்டாள், அவளிடமிருந்து ஆறு பேருக்குப் போய்விட்டது. நேற்று தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது ஓய்வறையில் நாலு பேர் வரிசையாக உள்ளங்கையை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மருத்துவமனையில் இதைவிடக் கேவலமான காட்சியைத் தான் பார்த்ததில்லை என்றார். நான் அம்மா கதையை ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. இன்று காலை ஓய்வறைக் கதவில் ஒரு தாள். கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்கள் என்ற அச்சடித்த பட்டியலின் கீழே, பேனாவால் ஆறாவது: சீனி நக்குவதற்கு முன்.

பெயர் எதுவும் எழுதவில்லை.